வந்த தடம்

அதிகாலை நாலு மணிக்குப் பனிவாரி வண்டியை எடுக்கிறேன்.
மேற்குக் குடாவிலிருந்து கணவாய் வரை முப்பத்தொரு கிலோமீட்டர்.
இரவு விழுந்ததையெல்லாம் விடிவதற்குள்
ஓரம் தள்ளுவது என் பிழைப்பு.
விடிவது என்றால், ஐஸ்லாந்தில், ஜனவரியில்,
பதினொரு மணி.

பதினேழாவது கிலோமீட்டரில் ஏரி.
அங்கேதான் முதலில் பார்த்தேன்:
லாடம் அடிக்காத குளம்புகள்
சாலையில் தொடங்கி
உறைந்த நீரின் நடுவே போய் நின்றுவிட்டன.
யார் வீட்டுக் குதிரையோ மூழ்கிவிட்டதென்று
பண்ணைக்காரன் ஸ்னைபியோர்னுக்குப் போன் செய்தேன்.
எண்ணிவிட்டு வந்தான். பதினாலும் கொட்டிலில்.
"குளம்பு எந்தப் பக்கம் பார்க்குது?"
ஏரிப் பக்கம் என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அப்போ அது வெளியே வந்திருக்கு, ஹால்பெரா.
வண்டிக் கதவைப் பூட்டிக்கோ."

பூட்டினேன்.
பிறகு நானே திறந்தும் விட்டேன்.

விளக்கொளியில் நின்றான்,
சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை, சொட்டும் முடி.
மைனஸ் பதினொன்றில் உறையாத சொட்டு.
வெறுங்கால். குதிகால் முன்னே, விரல்கள் பின்னே.
பிளாஸ்க்கில் இருந்த காப்பியை நீட்டினேன்;
முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தான்.
கணவாய் வரை கூடவே வந்தான்.
இருக்கை இன்னும் காயவில்லை.

மூன்று குளிர்காலம்.
அவன் கழுத்தில் முகம் புதைத்தால்
பாசியும் பழைய மழையும் மணக்கும்.
ஸ்டியரிங் பிடித்து வெடித்த என் விரல்களை
ஒவ்வொன்றாய் வாயில் வைத்து ஆற்றுவான்.
ஏரியில் பனிக்கட்டி பிளக்கும் ஓசை கேட்டால்
ஊரில் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள்.
நான் மட்டும் தலைமுடியை அவிழ்ப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்டிருந்தான்: பெயர் சொல்லாதே.
"காதில் விழுந்தால் கால்கள் என் பேச்சைக் கேட்காது."
அதனால் அவன் எனக்கு
ஏய், இந்தா, உன்னைத்தான்.

ஒவ்வொரு மார்ச்சிலும், பனிக்கட்டி மெலியும்போது,
குதிரையாய் வாசலில் வந்து முதுகைத் தாழ்த்துவான்.
ஏமாற்றவில்லை அவன்.
"ஏறினால் உள்ளங்கை ஒட்டிக்கொள்ளும்.
அடியில் உன் மூச்சு என்ன ஆகும், தெரியாது.
போனவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசும் நிலையில் இல்லை."
நான் சிரிப்பேன். அவனும், மூக்குத் துளை விரிய.
அடுத்த வருஷம், என்பேன்.

இந்த மார்ச்சில் புயல்.
பத்தொன்பது மணி நேரம் வண்டியில்.
பூட்ஸ் கழற்றாமல் படுத்திருந்தேன்.
வாசலில் வந்து நின்றான்,
முதுகில் ஒரு பொட்டுப் பனி இல்லை.
"வா."

உண்மையைச் சொன்னால், போகத்தான் இருந்தேன்.
அன்று இல்லை, ஒரு தூக்கம் தூங்கி எழுந்து.
அசதியில் எங்கள் மொழியில் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்:
"நென்னி எக்கி."
மனசில்லை, உடம்பு வளையவில்லை, அப்புறம் பார்க்கலாம்,
எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றுதான்.
பிள்ளைகள் பல் துலக்கச் சொன்னால் சொல்வது.
அதற்குள் அவன் பெயர் படுத்திருந்தது.

காதுகள் மடங்கின.
கால்கள் ஓடின. முகம் மட்டும்
கழுத்து முறியும் அளவுக்கு
என் பக்கமே திரும்பியிருந்தது.
பிறகு ஏரி
ஒரு கதவைப் போல ஒருமுறை சத்தம் போட்டது.

காலையில் முற்றத்தைப் பார்த்தேன்.
யாரோ ஏரியிலிருந்து தலைதெறிக்க
என் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்கள்.
தடம் அப்படித்தான் சொல்கிறது.
தபால்காரி ஓட்லா குனிந்து பார்த்து,
"விருந்தாளியா?" என்று கண் சிமிட்டினாள்.
ஆமாம், என்றேன். தூங்குகிறார்.

பதினேழாவது கிலோமீட்டரில்
வாரியின் தகட்டைத் தூக்கிவிடுகிறேன்.
நாற்பது அடி. அதிகம் போனால் ஐம்பது.
சாலை அலுவலகத்திலிருந்து அழைக்கிறார்கள்,
அந்த இடத்தை ஏன் விட்டுவிட்டாய் என்று.
அந்தச் சொல் நாக்கு நுனி வரை வருகிறது.
விழுங்கிவிட்டு,
தகடு மக்கர் செய்கிறது, என்கிறேன்.